வேன் பாட்டும் நாலாவது கையெழுத்தும்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் கொரட்டூரில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். மாணவர்களே தலைப்பு எடுத்து, மாணவர்களே குழுவாகச் செய்யும் ஆய்வுக்கு உங்களைத் துணையாகப் போட்டிருக்கிறார்களாம். எவ்வளவு தூரம் உள்ளே போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டீர்கள். நான் காபி கொடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதில் நான் செய்த ஒரு தப்பில் ஆரம்பிக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுத்தில் அந்தக் கூச்சம் கொஞ்சம் குறையும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம்தான் எங்கள் தமிழ்த்துறையில் இந்த ஏற்பாடு வந்தது. எம்.ஏ. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகச் சேர வேண்டும். ஆசிரியர் கூட நடக்கலாம், முன்னால் நடக்கக் கூடாது. எனக்குக் கிடைத்த குழுவின் தலைவி தனலட்சுமி. எல்லோருக்கும் தனம். சென்னீர்குப்பத்துப் பெண். அவள் பாட்டி காலம் வரை வயல் கூலி வேலை செய்த குடும்பம். அம்மா கன்னியம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு, கான்ட்ராக்டில், தரை துடைக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்வந்தார். இன்னொருவன் அன்வர், பூந்தமல்லிக்காரன், ஒலிப்பதிவில் கெட்டிக்காரன். மூன்றாவது மீனாட்சி. அப்பாவின் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஆவடிக்கு வந்து அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவள். படித்ததை எழுத்தில் கொண்டுவர அவளை மிஞ்ச ஆளில்லை.

முதல் கூட்டத்தில் நான் ஒரு தலைப்பைத் தயாராக வைத்திருந்தேன். நடவுப் பாட்டு. வயதான பெண்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்யலாம் என்றேன்.

தனம் தயங்கித்தான் சொன்னாள். "மேடம், நடவு எங்க மேடம் இருக்கு? ஆனா அந்த மெட்டு இருக்கு. எங்கம்மாவும் அவங்ககூட போறவங்களும் கம்பெனி வேன்ல பாடிக்கிட்டுப் போறாங்க. வார்த்தை மட்டும் வேற."

"என்ன வார்த்தை?"

"மாப்பு, லிஃப்ட்டு, பஞ்சிங் மிஷினு, சூப்பர்வைசரு."

அன்வர் சிரித்தான். மீனாட்சி நோட்டைத் திறந்துவிட்டாள். என் தலைப்பு அந்த இடத்திலேயே செத்துப் போயிற்று. அது செத்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரம் அந்த வேன் வரும். கன்னியம்மாவோடு சேர்த்து ஆறு பெண்கள் ஏறுவார்கள். தனமும் மீனாட்சியும் சில நாட்கள் அவர்களோடு போய்ப் பதிவு செய்தார்கள். தொடங்கும் முன் மூவரும் ஒரு தாளில் மூன்று விதிகள் எழுதினார்கள். பாடியவர் திரும்பக் கேட்டுச் சரி என்று சொல்லாமல் எந்தப் பாட்டும் வெளியே போகக் கூடாது. யார் பெயரும், கம்பெனி பெயரும் எங்கேயும் வரக் கூடாது. மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் நிறுத்திவிட வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்கள். நாலாவதாக நானும் போட்டேன். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. எழுத்தில் பெயர்க்க உதவியாக இருக்கட்டும் என்று அன்வர் ஒலிப்பதிவுகளை என் போனுக்கும் அனுப்பிவைத்தான். அவற்றில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

கண்ணாடி போட்டுகினு
காலையிலே நிக்கறாரு
தண்ணி குடிச்ச நேரத்தையும்
தாளுலே எழுதறாரு – ஏலேலோ
தாகத்தையும் எழுதறாரு

கடைசி வரியில் எல்லோரும் சேர்ந்து சிரிப்பது பதிவில் கேட்கும். வகுப்புகளுக்கு நடுவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தனை வருடம் பாடப் புத்தகத்தில் நடத்திய வாய்மொழி இலக்கியம் இதோ உயிரோடு வேனில் போகிறது என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

அந்தப் பூரிப்பில்தான் தப்பு நடந்தது. துறைக் கருத்தரங்குக்குப் பத்து நாள் இருந்தது. கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "மேடம், கல்லூரியோட இணையப் பக்கத்துல போட ஒரு நிமிஷத்துக்கு ஏதாவது குடுங்க, நாலு பேர் பார்க்கட்டும்" என்றார். நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. போனை எடுத்து அந்தப் பாட்டை அனுப்பிவிட்டேன். கருத்தரங்கு அழைப்பிதழின் படத்தோடு பாட்டைச் சேர்த்து அன்று மதியமே வெளியிட்டுவிட்டார்கள். மூன்று பிள்ளைகளில் ஒருவரையும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இப்போதும் என்னை உறுத்துவது அதுதான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குத் தனம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பின்னால் மற்ற இருவர்.

"மேடம், அம்மாவ நாளைக்குப் பத்து மணிக்கு கான்ட்ராக்ட் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்காங்க. வேன்ல போற ஆறு பேரையும். அந்தப் பாட்டுல வர்ற சூப்பர்வைசரோட அக்கா பொண்ணு நம்ம காலேஜ்லதான் படிக்குது. அவ மாமாவுக்கு அனுப்பியிருக்கா. அம்மாகூட போற ராணி அக்கா குரல அவரு கண்டுபிடிச்சிட்டாரு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "பாட்ட யாரு மேடம் குடுத்தது?"

அந்த ஒரு விநாடியைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள் போட்டுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது. நான் மாணவியாக இருந்தபோது என் வழிகாட்டி ஒருவர், நான் அலைந்து திரட்டிய விடுகதைகளைத் தன் பெயரில் கருத்தரங்கில் வாசித்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். மாணவர் உழைப்பில் என் பெயரைப் போட மாட்டேன் என்று அன்றைக்கு எடுத்த முடிவைக் கடைசி வரை காப்பாற்றினேன். அதனாலேயே நான் நல்ல வழிகாட்டி என்று நம்பிக்கொண்டிருந்தேன். பெயரைத் திருடாமலும் ஒரு வேலையைப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்க முடியும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"நான்தான் தனம். உங்களைக் கேக்காம குடுத்துட்டேன்" என்றேன்.

அவள் கத்தவில்லை. "நாலாவது கையெழுத்து உங்களுதுதான மேடம்" என்றாள். அவ்வளவுதான்.

பதிவை உடனே எடுக்கச் சொல்லி முதல்வர் அறைக்கு ஓடினேன். எடுத்துவிட்டார்கள். முதல்வர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "பசங்க ஆர்வக்கோளாறுல போட்டுட்டாங்கன்னு சொல்லிடுவோம் மேடம். பசங்கன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்றார். "அதுல ஒரு பொண்ணோட அம்மாவுக்குத்தான் சார் வேலை போகப் போகுது" என்றேன்.

திரும்பி வந்ததும் என் அடுத்த தப்பைச் செய்யத் தயாரானேன். கல்லூரி முத்திரையோடு கம்பெனிக்கே ஒரு கடிதம். வாய்மொழி மரபு, ஆய்வுச் சுதந்திரம் என்று இரண்டு பக்கம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மீனாட்சிதான் தடுத்தாள்.

"மேடம், இப்ப கான்ட்ராக்ட் ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது. நாமளே லெட்டர் போட்டுத் தெரியப்படுத்தணுமா?"

"அப்ப என்னதான் செய்யறது?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"பாடுனவங்கள கேப்போம்" என்றான் அன்வர்.

சாயங்காலம் நான்கு பேரும் சென்னீர்குப்பம் போனோம். கன்னியம்மாவின் வீடு ஒரே அறை. ஆறு பெண்களும் அங்கே இருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார முடியாமல் நானும் தரையில் உட்கார்ந்தேன். என் தப்பை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ராணிக்கு இருபத்தேழு வயதிருக்கும். இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நாங்க பாடுனது எங்களுக்கு டீச்சர். ஊருக்கா பாடுனோம்? நாளிக்கி வேலை போச்சுன்னா எம் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவே?"

ஆறு பேரில் மூத்தவரான முனியம்மாதான் குறுக்கே வந்தார்.

"ஏய் ராணி, சும்மா கெட. அவங்க தப்புன்னு அவங்களே சொல்லிகினு வந்து குந்திகினு கீறாங்க. இப்ப இன்னா பண்றதுன்னு பாரு." பிறகு தனத்திடம் திரும்பினார். "இந்தப் பாட்டு எப்போலேர்ந்து பாடறோம்னு நீ எழுதி வெச்சிகினு கீறே இல்ல?"

தனம் நோட்டை எடுத்தாள். அதே மெட்டில் முனியம்மாவின் தாயார் வயல் மேஸ்திரியைப் பற்றிப் பாடிய பாட்டை அவள் பதிந்து வைத்திருந்தாள். அவள் வாசிக்க வாசிக்க முனியம்மா கூடவே முணுமுணுத்தார்.

குடையொண்ணு புடிச்சிகினு
வரப்பு மேலே நிக்கறாரு
நிமிந்து நின்ன நேரத்தையும்
மனசுலே எழுதறாரு – ஏலேலோ
மழையிலேயும் எழுதறாரு

"நாளிக்கி இத்த எடுத்துகினு வா" என்றார் தனத்திடம். பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் வா டீச்சர். ஆனா நீயா வாயத் தொறக்காதே. நாங்க கூப்டா பேசு."

முப்பது வருடம் வகுப்பில் பேசியே பிழைத்தவள் நான். எனக்குக் கிடைத்த ஆய்வு நெறிமுறைகளில் அதைவிடத் தெளிவான ஒன்று இல்லை.

கான்ட்ராக்ட் அலுவலகம் எஸ்டேட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் இருந்தது. மேனேஜர் ஐம்பது வயதுக்காரர். பக்கத்தில் அந்த சூப்பர்வைசர் நின்றிருந்தார். நான் நினைத்து வைத்திருந்த கொடூரமான ஆள் அங்கே இல்லை. ஒல்லியாக, கண்ணாடி போட்டு, தூக்கமில்லாத முகத்தோடு ஒரு இளைஞர். பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில்.

மேனேஜர் போனில் பாட்டை ஓடவிட்டார். சிரிப்பு வரைக்கும் ஓடியது.

"யார் குரல் இது?"

என் நாக்கு நுனியில் நாலு வாக்கியம் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எல்லாரு கொரலும்தான் சார்" என்றார் கன்னியம்மா. "ஆறு பேரும்தான் பாடுனோம்."

"சூப்பர்வைசரக் கிண்டல் பண்ணி?"

"அவரு பொறக்கறதுக்கு முன்னாடி பாட்டு சார் இது. தனம், படி."

தனத்தின் குரல் முதல் வரியில் உடைந்தது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. மூன்றாவது வரியை முனியம்மா எடுத்துப் பாடவே செய்தார். அந்தச் சின்ன அறையில் வயல் மேஸ்திரி குடையோடு வந்து நின்றுவிட்டுப் போனார். பாட்டு முடிந்ததும் மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் முனியம்மாவைப் பார்த்தேன்.

"இப்ப பேசு டீச்சர்."

"இந்தப் பாட்டை வெளியே விட்டது நான். இவங்களுக்கும் தெரியாது, என் பிள்ளைங்களுக்கும் தெரியாது. எழுத்துல கேட்டா இப்பவே எழுதித் தர்றேன்" என்றேன். வெள்ளைத்தாள் ஒன்று வாங்கி, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெண்களின் பெயர்களை எழுதவில்லை.

அப்போது சூப்பர்வைசர் முதல் முறையாக வாய் திறந்தார். கேள்வி எனக்குத்தான். "உண்மையச் சொல்லுங்க மேடம். இது என்னப் பத்திதானே?"

இல்லை என்று சொன்னால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் அவர் உண்மையைக் கேட்டார். "அந்த எடத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்களப் பத்தி சார். முன்னாடி மேஸ்திரி நின்னாரு. இப்ப நீங்க நிக்கறீங்க."

கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "தண்ணி குடிக்கிற டைம எழுதச் சொல்லி எனக்கு மெயில் வருது மேடம். எழுதலன்னா என்னைக் கேக்கறாங்க. எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். பிறகு மேனேஜரிடம், "விடுங்க சார். கம்பெனி பேரு எதுவும் வரல. இவங்க ஆறு பேரையும் நிறுத்திட்டா நாளைக்கு ரெண்டு ஃப்ளோருக்கு நான் எங்க போயி ஆள் புடிக்கிறது?"

மேனேஜர் என் தாளை இரண்டு முறை படித்தார். மடித்து இழுப்பறையில் போட்டார். "பதிவை எடுத்துட்டீங்கல்ல? சரி. இத்தோட முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, இனிமே வேன்ல பாட்டு கீட்டு வேணாம்" என்றார். பெண்கள் தலையாட்டினார்கள்.

மாடிப்படி இறங்கித் தெருவுக்கு வந்து, டீக்கடைக்குப் போனோம். டீக்கடையில் ராணிதான் முதலில் சிரித்தாள். அழுகையும் சேர்ந்த சிரிப்பு. அன்வர் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரவைத்தான்.

"பாட்டு வேணாமாம்" என்றாள் ராணி.

"வேன் அவங்களுது, வாய் நம்மளுது" என்றார் கன்னியம்மா. டீ மாஸ்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். ராணி என்னைப் பார்த்து, "நேத்து ரொம்பப் பேசிட்டேன் டீச்சர், மனசுல வெச்சிக்காதே" என்றாள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாய் என்று சொன்னேன். அந்த டீயைப் போல ஒரு டீயை நான் அதற்கு முன்பும் குடித்ததில்லை, பிறகும் குடித்ததில்லை.

மறுநாள் பிள்ளைகள் மூவரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கட்டுரையில் இந்தச் சம்பவத்தையும் எழுதப் போகிறோம் என்றார்கள். யார் பெயரும் இருக்காது. 'குழுவின் துணை ஆசிரியர் அனுமதியின்றி ஒரு பதிவை வெளியிட்டார்' என்று இருக்கும். உங்களுக்குச் சம்மதமா என்று தனம் கேட்டாள். என்னைக் கேட்டார்கள், பாருங்கள். நான் அவர்களுக்குச் செய்யாததை அவர்கள் எனக்குச் செய்தார்கள். சம்மதம் என்றேன். மறைத்து வைக்க எதுவும் இல்லாமல் போன அன்று வந்த தூக்கம் நல்ல தூக்கம்.

உங்களுக்கு ஒன்று சொல்லுவேன். பிள்ளைகள் தலைமை ஏற்ற ஆய்வில் நமக்கு வேலை குறைவு என்று எண்ணாதீர்கள். கூப்பிடும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது வேலை. கூப்பிட்டதும் ஒளியாமல் எழுந்து நிற்பது அதைவிடப் பெரிய வேலை. நம் அனுபவம் அவசரத்தில் நம்மைத்தான் முதலில் ஏமாற்றும். எதையாவது அனுப்புவதற்கு முன்னால் மாடிப்படியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். வகுப்பு ஒரு நிமிடம் தாமதமானால் யாருக்கும் வேலை போகாது.

கருத்தரங்குக்கு வேலை நாளில் அந்தப் பெண்களால் வர முடியாது. அதனால் முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கட்டுரையைச் சென்னீர்குப்பத்துக்கே எடுத்துப் போய், கன்னியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். எந்தப் பாட்டு இருக்கலாம், எது வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். கண்ணாடிப் பாட்டு வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டோம். இங்கே அதை எழுதியிருப்பது இப்போது அவர்களிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கி, பெயர்களை மாற்றிய பிறகுதான். மேஸ்திரிப் பாட்டு இருக்கட்டும் என்றார்கள்.

நடுவில் ஒரு பாட்டு வந்தது. அதில் 'பச்சத் தண்ணியிலே மொகம் பாக்கறேன்' என்று ஒரு வரி. அதற்கு விளக்கம் மட்டும் என்னுடையது. பிள்ளைகளே கேட்டு வாங்கியது. பச்சை நிறம் தளும்பும் வயல் நீரில் முகம் பார்த்த நினைவு, இழந்த நிலத்தின் ஏக்கம் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். மீனாட்சி அதை உருக்கமாக வாசித்தாள். வாசித்து முடித்ததும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி சிரிக்கிறே?" என்றார் முனியம்மா, தானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"டீச்சர், அது வயலும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் ராணி. "தொடைக்கிற தண்ணியில ஊத்தற லிக்யூடு பச்சையாத்தான் இருக்கும். தொடச்சி முடிச்சா தரை பளபளன்னு இருக்கணும். மொகம் தெரிஞ்சா வேலை முடிஞ்சுது, ஊட்டுக்குப் போலாம். அதான் பாட்டு."

"வயலு தண்ணி செவப்பாத்தான் இருக்கும். அதுல எவ மொகம் பாப்பா?" என்றார் முனியம்மா.

வாசல் முழுவதும் சிரிப்பு. தனம் தயக்கத்தோடு என்னைப் பார்த்தாள். நான் பேனாவை வாங்கி அந்த அரைப் பக்கம் முழுவதையும் ஒரே கோடாக அடித்தேன். ஓரத்தில் ராணி சொன்னதை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதினேன். எழுதியதை அவளிடம் திரும்ப வாசித்துக் காட்டி, "சரியா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் டீச்சர் சரியா கீது" என்றாள்.